ஏரிச்சேற்றின் பாஸ்பரஸ் கையிருப்பு

ஏரிக்குள் வந்து சேரும் பாஸ்பரஸ் எளிதில் வெளியே போவதில்லை. ஒரு பங்கு வழிந்தோடும் நீரோடு போய்விடும். மீதி தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச காலம் சுற்றிவிட்டு அடிச்சேற்றில் படிந்துவிடும். நைட்ரஜனின் கதை வேறு. சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. பாஸ்பரஸுக்குச் சொல்லத்தக்க வாயு வடிவம் கிடையாது. ஆவியாகித் தப்பிக்க அதற்கு வழியில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஊர்க் கழிவுநீரையும் வயல்களிலிருந்து அடித்துவரப்படும் உரத்தையும் வாங்கிக்கொண்ட ஏரியின் அடியில், அத்தனை ஆண்டுகளின் பாஸ்பரஸும் அடுக்கடுக்காகச் சேர்ந்து கிடக்கும். கழிவுநீர் வரத்தை முற்றிலும் அடைத்துவிட்ட பிறகும் பல ஏரிகள் பச்சையாகவே இருப்பதற்கு இந்தக் கையிருப்புதான் காரணம்.

தண்ணீரில் ஊட்டச்சத்து அளவுக்கு மீறிச் சேர்ந்து, பாசி பெருகி, அது செத்து அழுகும்போது கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோவதை மிகையூட்டம் என்கிறார்கள். யூட்ரோபிகேஷன் என்று பாடப்புத்தகங்களில் வருவதும் இதுவே. பாசி வளர்வதற்குக் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் மூன்றும் வேண்டும். அணுக்கணக்கில் பார்த்தால் 106 பங்கு கார்பன், 16 பங்கு நைட்ரஜன், 1 பங்கு பாஸ்பரஸ். கார்பன் காற்றிலிருந்து கரைந்து வருகிறது. நைட்ரஜனைச் சிலவகை நீலப்பச்சைப் பாசிகள் காற்றிலிருந்து தாமே பிடித்துக்கொள்ளும். பாஸ்பரஸ் மட்டும் பாறை கரைந்தோ, மண் அரித்தோ, மனிதர் கொண்டுவந்து கொட்டியோதான் வந்தாக வேண்டும். தேவை மிகக் குறைவு, கிடைப்பது அதைவிடக் குறைவு. அதனால்தான் பெரும்பாலான நன்னீர் ஏரிகளில் பாசியின் அளவைத் தீர்மானிப்பது பாஸ்பரஸாக இருக்கிறது. லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும்; 35 மைக்ரோகிராமைத் தாண்டினால் மிகையூட்ட ஏரி என்று கணக்கு. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஏரிகளைக் கெடுப்பது பாஸ்பரஸ்தானா என்பது ஒரு காலத்தில் பெரிய சர்ச்சையாக இருந்தது. சலவைத்தூளில் கலந்த பாஸ்பேட் என்ற பாஸ்பரஸ் சேர்மம்தான் ஏரிகளைக் கெடுக்கிறது என்று ஒரு தரப்பும், இல்லை கார்பன்தான் காரணம் என்று மறு தரப்பும் வாதாடிக்கொண்டிருந்தன. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்காகவே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்று, வேர்க்கடலை வடிவத்தில் நடுவில் இடுப்புபோலச் சிறுத்த 226ஆம் எண் ஏரி. டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 1973இல் அந்த இடுப்பில் ஒரு செயற்கைத் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் கலந்தார்கள். ஒரு பாதியில் மட்டும் கூடவே பாஸ்பரஸ். சில வாரங்களில் அந்தப் பாதி பச்சைக் குழம்பாகிவிட்டது. மறு பாதி கருநீலமாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு புகைப்படம் கட்டுக்கட்டான அறிக்கைகளால் முடியாத வேலையைச் செய்தது. பல நாடுகள் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தின. கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பரஸைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு வந்தது. வரத்தை நிறுத்தினால் ஏரி தெளிந்துவிடும் என்பதே அப்போதைய நம்பிக்கை. சில ஏரிகள் தெளிந்தன; பல ஏரிகள் தெளியவில்லை. அப்போதுதான் பலருடைய கவனம் அடிச்சேற்றுக்குத் திரும்பியது.

பாஸ்பரஸ் சேற்றுக்குப் போகும் வழிகள் பல. செத்த பாசியும் மீன் எச்சமும் மெல்ல மூழ்கிப் படிகின்றன. ஆற்றில் வரும் களிமண் துகள்கள் தம்மேல் ஒட்டியிருக்கும் பாஸ்பேட்டோடு அமிழ்கின்றன. இரும்பு ஆக்சைடு பாஸ்பேட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறது. சுண்ணாம்புச் சத்துள்ள ஏரியில் கால்சியத்தோடு சேர்ந்து பாஸ்பேட் கல்லாகவே மாறிவிடுகிறது. கால்சியத்தோடும் அலுமினியத்தோடும் இணைந்தது ஏறக்குறைய நிரந்தரமாக உறங்குவது. பாசியின் உடலில் இருப்பது அழுகும்போது வெளிவருவது. இரும்போடு இணைந்திருப்பதோ இரண்டுங்கெட்டான். சூழ்நிலையைப் பொறுத்துப் பிடித்தும் வைக்கும், விட்டும்விடும். ஏரியின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கிறது.

கையிருப்பு எவ்வளவு என்பதைச் சிறு கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் ஏரிப்படுகையில் மேலே உள்ள 10 செ.மீ. சேற்றை அள்ளினால், அதில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த எடை சுமார் 15 கிலோ தேறும். சேற்றில் கிராமுக்கு ஒரு மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது சாதாரணம். ஆக 15 கிராம். அதே சதுர மீட்டருக்கு மேலே 2 மீட்டர் ஆழத் தண்ணீர் நின்றால் அது 2,000 லிட்டர். நன்றாகக் கெட்டுப்போன ஏரியாக வைத்து லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று கொண்டாலும், தண்ணீரில் இருப்பது 0.2 கிராம்தான். சேற்றில் இருப்பது அதைப்போல 75 மடங்கு. அதில் இருபதில் ஒரு பங்கு மேலே வந்தாலே தண்ணீரின் பாஸ்பரஸ் நான்கு மடங்குக்கும் மேலாகிவிடும்.

சேறு எப்போது பிடித்துவைக்கிறது, எப்போது விட்டுவிடுகிறது? 1930களில் ஜெர்மானியரான வில்ஹெல்ம் ஐன்சேலே இரும்புக்கும் பாஸ்பேட்டுக்கும் உள்ள உறவைக் காட்டினார். அதை முழுமையாக விளக்கியவர் இங்கிலாந்தின் கிளிஃபோர்டு மார்டிமர். ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற வடமேற்குப் பகுதியில் எஸ்த்வெயிட் என்றொரு ஏரி உண்டு; அதன் அதிகபட்ச ஆழமே 15 மீட்டர் சொச்சம். மார்டிமர் அதன் சேற்றைக் கண்ணாடித் தொட்டிகளில் எடுத்து, மேலே ஏரித் தண்ணீரை ஊற்றி, ஒன்றைக் காற்றுப்பட விட்டார். இன்னொன்றைக் காற்றே புகாமல் மூடினார். காற்றுப்பட்ட தொட்டியில் சேற்றின் மேல்பரப்பில் சில மில்லிமீட்டர் கனத்தில் பழுப்பு நிற ஏடு ஒன்று நிலைத்து நின்றது. அந்த ஏடு இருந்தவரை பாஸ்பரஸ் மேலே வரவில்லை. மூடிய தொட்டியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் ஏடு கரைந்து மறைந்தது. இரும்பும் பாஸ்பேட்டும் அம்மோனியாவும் தண்ணீருக்குள் கிடுகிடுவென ஏறின. 1941, 1942ஆம் ஆண்டுகளில் வெளியான அந்தக் கட்டுரைகள் இன்றும் ஏரியியலின் அடித்தளமாக இருக்கின்றன. 

பழுப்பு ஏடு என்பது துருவைப் போன்றதுதான். ஆக்சிஜன் உள்ள இடத்தில் இரும்பு கரையாத வடிவில் இருக்கும்; அதன் பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். சேற்றின் ஆழத்திலிருந்து பாஸ்பேட் மேலே கசிந்து வந்தாலும், இந்த ஏட்டைக் கடக்கும்போது சிக்கிக்கொள்ளும். ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் சுவாசத்துக்கு இரும்பையே பயன்படுத்தத் தொடங்குகின்றன. அப்போது இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. பிடித்திருந்த பாஸ்பேட்டும் அதனோடு விடுபடுகிறது.

குளிர்நாட்டு ஆழ ஏரிகளில் இது ஆண்டுதோறும் நடக்கும். கோடையில் மேல்நீர் சூடேறி இலேசாகி மிதக்கிறது. கீழ்நீர் குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. மேலே வளர்ந்த பாசி செத்துக் கீழே விழுந்து அழுக அழுக, அடியிலுள்ள ஆக்சிஜன் குறைந்துகொண்டே போய் ஒருநாள் அற்றுப்போகிறது. அதற்குப் பிறகு சேறு திறந்த கிடங்குதான். இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து ஏரி முழுவதும் கலக்கும்போது, கோடை முழுக்க அடியில் சேர்ந்த பாஸ்பரஸ் மேலே வருகிறது. அதில் ஒரு பகுதி திரும்ப இரும்போடு சேர்ந்து படிந்துவிடும். தப்பியது அடுத்த பருவப் பாசிக்கு உணவு. அந்தப் பாசி அழுகி மறுபடியும் ஆக்சிஜனைத் தின்னும். நோயே நோயை வளர்க்கும் வட்டம் இது.

இரும்பு நிறைய இருந்தால் இவ்வளவு கேடு வராது. டென்மார்க் ஏரிகளில் நடந்த ஆய்வு ஒன்று, சேற்றில் இரும்பின் எடை பாஸ்பரஸைவிட 15 மடங்குக்கு மேல் இருந்தால், ஆக்சிஜன் உள்ளவரை பாஸ்பரஸ் கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டியது. ஆனால் இரும்புக்கு ஒரு போட்டியாளர் உண்டு: கந்தகம். கழிவுநீரிலும் தொழிற்சாலை நீரிலும் வரும் சல்பேட்டை ஆக்சிஜனற்ற சேற்றில் பாக்டீரியா சல்பைடாக மாற்றுகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதிலிருந்துதான். சல்பைடு இரும்பைப் பிடித்துக் கரிய இரும்பு சல்பைடாக்கிவிடும். அதன் பிறகு பாஸ்பேட்டைப் பிடிக்க இரும்பு மிச்சமிருக்காது. சாக்கடை கலந்த ஏரிகளின் சேறு மைபோலக் கறுத்திருப்பதற்கும், அங்கே பாஸ்பரஸ் தங்குதடையில்லாமல் வெளியேறுவதற்கும் காரணம் ஒன்றே. சல்பைடு குறைவான சேற்றில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து விவியனைட் என்ற கனிமமாவதும் உண்டு. புதைந்து கிடக்கும்வரை அதற்கு நிறமில்லை, காற்றுப்பட்டால் நீலமாகிவிடும்.

ஆழமற்ற ஏரிகளில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே தண்ணீர் அடிவரை கலந்துகொண்டே இருப்பதால் ஆக்சிஜன் பெரும்பாலும் உண்டு. மார்டிமரின் விளக்கப்படி சேறு பாஸ்பரஸை விடக்கூடாது. ஆனால் விடுகிறது. வெயில் ஏற ஏறச் சேற்றில் அழுகல் வேகம் கூடி, அந்தப் பழுப்பு ஏடு இழையாகத் தேய்ந்துபோகிறது. பாசி அடர்ந்து ஒளிச்சேர்க்கை செய்யும்போது தண்ணீரின் கார அமில எண் 9, 10 என்று ஏறுகிறது. அந்தக் காரத்தன்மை இரும்பிலிருந்து பாஸ்பேட்டைப் பிரித்துத் தள்ளுகிறது. காற்று அடித்தால் சேறே கலங்கி எழும்புகிறது. கெண்டை இன மீன்கள் இரைதேடிச் சேற்றைக் கிளறுகின்றன. மீத்தேன் குமிழி மேலே வரும்போது சேற்றுநீரையும் இழுத்து வருகிறது. ஆழ ஏரியில் மேலே வந்த பாஸ்பரஸ் மாதக்கணக்கில் அடிநீரில் அடைபட்டுக் கிடக்கும். ஆழமற்ற ஏரியிலோ அன்றைக்கே வெயில்படும் இடத்துக்கு வந்து பாசியின் வாயில் விழுகிறது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள ஓக்கிச்சோபி ஏரி சுமார் 1,900 சதுர கிலோமீட்டர் பரந்தது. சராசரி ஆழம் 3 மீட்டர்கூட இல்லை. 2004, 2005ஆம் ஆண்டுப் புயல்கள் அதன் அடிச்சேற்றைக் கலக்கிவிட்டபின், தண்ணீரில் பாஸ்பரஸ் ஏறி, ஏரி நெடுநாள் கலங்கலாகவே கிடந்தது. சீனாவின் தைஹூ ஏரி இன்னும் பெரிது, ஏறத்தாழ 2,300 சதுர கிலோமீட்டர். சராசரி ஆழம் 2 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. 2007 மே இறுதியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி அங்கே பெருகி, குவிந்து, அழுகியதில் ஊஷி நகரத்துக் குழாய்நீர் நாறியது. சுமார் 20 லட்சம் பேர் ஒரு வாரம்போல் குடிநீருக்குத் திண்டாடினார்கள். இந்தப் பாசி குளிர்காலத்தில் சேற்றின்மேல் படுத்துக் கிடந்து, வெயில் வந்ததும் எழும்புவது. ஆக விதையும் சேற்றில், உரமும் சேற்றில்.

வரத்தை நிறுத்தியதும் ஏரி தெளிந்ததற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி. 1955இல் அங்கே கழிவுநீரின் அடையாளமான ஒருவகை நீலப்பச்சைப் பாசி தென்பட்டது. தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் ஏரி போகும் போக்கை எச்சரித்தார். 1963க்கும் 1968க்கும் இடையே கழிவுநீர் முழுவதும் கடற்கழிக்குத் திருப்பப்பட்டது. ஒரு மீட்டர் அளவே கண்ணுக்குத் தெரிந்த ஆழம் 1970களின் பிற்பகுதியில் 6 மீட்டர் அளவுக்கு வந்தது. ஆனால் அந்த ஏரிக்கு அதிர்ஷ்டம் பல. 65 மீட்டர்வரை ஆழம். அடிநீரில் ஆக்சிஜன் முழுதும் தீர்ந்ததில்லை. சில ஆண்டுகளில் தண்ணீர் முழுக்க மாறிவிடும். கழிவுநீர் கலந்த காலமும் குறுகியது. சேறு பிடித்ததை விடவில்லை. வாஷிங்டன் ஏரியைக் காட்டி மற்ற ஏரிகளுக்கும் அதே பலனை வாக்களித்தவர்கள் இந்தக் காரணங்களைக் கவனிக்கவில்லை.

சுவீடனின் தென்பகுதியில் வெக்ஷோ நகரத்தை ஒட்டிய டிரும்மென் ஏரி அதற்கு நேரெதிர். சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆள் உயர ஆழம். நகரக் கழிவுநீரும் ஆளிநார் ஆலையின் கழிவும் பல பத்தாண்டுகள் அதில் விழுந்தன. 1950களின் இறுதியில் இரண்டும் நின்றன. பத்தாண்டு கடந்தும் ஏரி தேறவில்லை. கோடையில் பச்சைக் கூழ். குளிர்காலத்தில் பனிமூடிக்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் செத்து மிதந்தன. லுண்ட் பல்கலைக்கழகத்தின் ஸ்வென் பியோர்க் தலைமையில் சேற்றைத் துளைத்துப் பார்த்தபோது விஷயம் வெட்டவெளிச்சமாகியது. மேலே கரிய சேறு, கழிவுநீர்க் காலத்தில் படிந்தது. அதற்குக் கீழே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மெல்லப் படிந்த பழுப்புச் சேறு; அதில் பாஸ்பரஸ் குறைவு.

1970இல் அரை மீட்டரும் 1971இல் அரை மீட்டரும் சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். சாதாரணமாகத் தூர்வாரினால் சேறு கலங்கி உள்ளதும் கெட்டுவிடும் என்பதால், கலக்காமல் உறிஞ்சும்படி குழாய்முனையைத் தனியாக வடிவமைத்தார்கள். சேறு கரையோரப் பாத்திகளுக்குப் போனது. அங்கே தெளிந்து வடிந்த நீரை அப்படியே ஏரிக்குள் விட்டால் பாஸ்பரஸும் கூடவே திரும்பிவிடுமே. அலுமினியம் சல்பேட்டைப் போட்டு அதைப் படியவைத்த பிறகே விட்டார்கள். காய்ந்த சேறு பூங்காக்களுக்கும் புல்தரைகளுக்கும் மண்ணாகப் பயன்பட்டது. தண்ணீரின் பாஸ்பரஸ் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது, 23 செ.மீ. அளவே ஊடுருவிய பார்வை 75 செ.மீ. ஆனது. முக்கால் மீட்டர் பெரிய தெளிவல்ல என்று தோன்றலாம். பச்சைக் கூழைப் பார்த்துச் சலித்திருந்த ஊருக்கு அது பெரிது.

தூர்வார முடியாத ஏரிகள் தாமாகத் தேற எவ்வளவு காலம் ஆகும்? டென்மார்க்கின் ஆழமற்ற ஏரிகளைத் தொடர்ந்து கவனித்தவர்கள் 10 முதல் 15 ஆண்டுகள் என்கிறார்கள். சிலவற்றில் இருபதையும் தாண்டுகிறது. நீர்ச்செடிகள் அழிந்துபோன ஏரி, பாஸ்பரஸ் குறைந்த பிறகும் கலங்கலாகவே நீடிப்பதுண்டு. சேற்றை வேரால் பிடித்து நிறுத்த ஆளில்லாததால்.

காத்திருக்க மனமில்லாதவர்களுக்குப் பல வழிகள் முயன்று பார்க்கப்பட்டிருக்கின்றன. போலந்தின் கோர்தோவோ ஏரியில் 1956இல் ஓல்ஷெவ்ஸ்கி என்பவர், மேல்நீருக்குப் பதிலாகப் பாஸ்பரஸ் மிகுந்த அடிநீரே வெளியேறும்படி குழாய் பதித்தார். எளிமையான யோசனை, ஏரியின் வடிகாலையே மருந்தாக்குவது. அடிநீரில் ஆக்சிஜனை ஏற்றினால் பழுப்பு ஏடு திரும்பிவிடும் என்ற கணக்கில் சுவிட்சர்லாந்தின் செம்பாஹ், பால்டெக் ஏரிகளில் 1980களிலிருந்து ஆக்சிஜன் செலுத்தினார்கள். பத்தாண்டு முடிவில் பார்த்தபோது, சேற்றிலிருந்து வரும் பாஸ்பரஸ் குறைந்ததாகத் தெரியவில்லை. மேலிருந்து ஆக்சிஜனைக் கொட்டினாலும் அது சேற்றுக்குள் சில மில்லிமீட்டருக்குமேல் இறங்காது. உள்ளே சல்பைடு இரும்பை விழுங்கிக்கொண்டே இருந்தது. பாடப்புத்தகம் சொல்வதை ஏரி கேட்கவேண்டிய கட்டாயமில்லை.

அதிகம் கைகொடுத்தது படிகாரத்தின் உறவினரான அலுமினியம் சல்பேட். கலங்கல் தண்ணீரில் படிகாரத்தைச் சுழற்றித் தெளியவைக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல. ஏரியில் தூவினால் வெண்ணிறத் திரளாகி, வழியிலுள்ள பாஸ்பேட்டை வாரிக்கொண்டு அடியில் போய்ப் போர்வையாகப் படியும். இரும்பைப்போல ஆக்சிஜன் போனதும் அலுமினியம் பிடியை விடாது. அமெரிக்காவில் 1970இல் விஸ்கான்சினின் ஹார்ஸ்ஷூ ஏரியில் இது தொடங்கியது. 114 ஏரிகளின் அனுபவத்தைத் தொகுத்த ஆய்வு, பலன் சராசரியாக 11 ஆண்டுகள் நீடிக்கிறது என்கிறது. ஆழ ஏரிகளில் 21, ஆழமற்றவற்றில் 6 ஆண்டுகளுக்கும் குறைவு. மென்னீர் ஏரியில் அளவு தப்பினால் தண்ணீர் அமிலமாகி மீன்களுக்கு ஆபத்து. இதற்கு மாற்றாக ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. நிறுவனம் லாந்தனம் ஏற்றிய பெண்டனைட் களிமண்ணை 1990களில் உருவாக்கியது. எதைப் போட்டாலும் வரத்து நிற்காவிட்டால், புதிய சேறு அந்தப் போர்வையையும் மூடிவிடும்.

தமிழ்நாட்டு ஏரிகள் பெரும்பாலும் இயற்கை ஏரிகளல்ல. கரைகட்டி மழைநீரைத் தேக்கிய பாசனக் கண்மாய்கள். கோடையில் வற்றுவது அவற்றின் இயல்பு. வற்றிய படுகையின் வண்டலை வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம்; 2017இல் மாநில அரசு ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள விதிகளைத் தளர்த்தியது. டிரும்மென் ஏரியில் பெருஞ்செலவில் செய்ததை, கொள்ளளவைக் கூட்டவும் நிலத்துக்கு உரமாகவும் என்ற எண்ணத்தில் இந்த ஊர்கள் ஆண்டாண்டாகச் செய்துவந்தன. வண்டலோடு பாஸ்பரஸும் ஏரியைவிட்டு வயலுக்குப் போனது. வெறுமனே காயவிட்டு அள்ளாமல் விட்டால் பலன் வேறு மாதிரி. காயும்போது சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மடிகின்றன. பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பும் படிகமாகி இறுகிப் பிடிதிறன் குறைகிறது. முதல் மழைநீர் நிறைந்ததும் படுகையிலிருந்து பாஸ்பரஸ் குபுக்கென்று வெளிவரும்.

நகரத்துக்குள் அகப்பட்ட ஏரிகளில் வண்டல் வழக்கம் பெரும்பாலும் நின்றுவிட்டது. சாக்கடை வரத்தால் அவை கோடையிலும் வற்றுவதில்லை. வற்றினாலும் அள்ளிக்கொண்டுபோக அருகில் வயல் இல்லை. தொழிற்கூடக் கழிவு கலந்த ஏரியாக இருந்தால், அந்தச் சேற்றில் பாஸ்பரஸோடு ஈயமும் காட்மியமும் குரோமியமும் சேர்ந்திருக்கக்கூடும். சோதித்துப் பார்க்காமல் அதை வயலில் கொட்ட முடியாது.